சோர்மோவோவும் நான் எழுதிய ஒரு கட்டுரையும்

பத்திரிகைத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்றுப் பல வருடங்கள் கடந்துவிட்ட போதிலும், அதிகாலையில் எழுந்தவுடன் வெளிநாட்டுச் செய்திகளைப் படிக்கும் பழக்கம் மாத்திரம் என்னை விட்டுப் போகவில்லை. 2024 ஆகஸ்ட் மாதத்தில் உக்ரேனியப் படைகள் எல்லையைக் கடந்து ரஷ்யாவின் கூர்ஸ்க் பிராந்தியத்துக்குள் நுழைந்தபோது, சுட்ஜா என்ற சிறிய பட்டினத்தின் பெயர் திடீரென்று எல்லாச் செய்திகளிலும் அடிபடத் தொடங்கியது. ஐரோப்பாவுக்குச் செல்லும் எரிவாயுக் குழாயின் அளவீட்டு நிலையம் அங்கே இருக்கிறது என்பதே அந்த ஊரைப் பற்றி ஊடகங்கள் சொன்ன முக்கியமான விடயம். 2025 மார்ச்சில் ரஷ்யப் படைகள் பட்டினத்தை மீண்டும் கைப்பற்றிய செய்தியுடன் அந்தப் பெயரும் முன்பக்கங்களில் இருந்து மறைந்துவிட்டது.

எனக்கு அந்தப் பெயர் வேறொரு காரணத்துக்காகப் பழக்கமானது. மாக்சிம் கார்க்கியின் 'தாய்' நாவலில் வரும் பாவெலின் மூலமான மனிதர், பியோத்தர் சலோமோவ், தனது பிற்கால வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்த ஊர் அது. சலோமோவ் 1955 ஆம் ஆண்டு வரை உயிருடன் இருந்தார். நாவலின் கதாநாயகர்களுக்கு முதுமை வருவதில்லை. ஆனால், அவர்களுக்கு மூலமாக அமைந்த மனிதர்களுக்கு வந்துவிடுகிறது.

'தாய்' நாவலை நான் தொ.மு.சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பில் வாசித்தபோது எனக்குப் பதினேழு வயது. எங்கள் ஊர் வாசிகசாலையில் பலரும் படித்துப் படித்து அட்டை கழன்றுபோன பிரதி அது. ஆலைச் சங்கு ஊதுவதுடன் நாவல் தொடங்குகிறது. வாசிக்கும்போது மனதில் ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்ய வேண்டுமே. வடக்கில் பிறந்த எனக்குக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆகவே, பாவெலும் அவனுடைய தாய் நீலவ்னாவும் என் கற்பனையில் சீமெந்துத் தூள் படிந்த பனைகளின் கீழேதான் நடந்து திரிந்தார்கள். அந்தத் தொழிற்சாலை 1990 ஆம் ஆண்டில் போர் காரணமாக மூடப்பட்டுவிட்டது. கார்க்கி தனது நாவலில் பெயர் சொல்லாத அந்த மற்றத் தொழிற்சாலை, 1849 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது, இன்னமும் இயங்கிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் சோர்மோவோ.

வோல்கா நதியும் ஓகா நதியும் கலக்கும் இடத்தில் 1221 ஆம் ஆண்டில் உருவான நிஷ்னி நொவ்கொரொட் நகரத்தைச் சேர்ந்தது சோர்மோவோ. யூரல் மலைப் பிரதேசத்தின் இரும்பு காமா நதியூடாக வோல்காவுக்கு இறங்கி இந்த நகரத்துக்கு வந்துசேரும். 1817 இல் இருந்து இங்கு நடந்துவந்த மாபெரும் சந்தையில் அந்த இரும்பு விலைபோகும். இரும்பு இருக்கிறது, நதி இருக்கிறது, நதியில் ஓடுவதற்கு நீராவிக் கப்பல்கள் தேவைப்படுகின்றன. தொழிற்சாலை அமைவதற்கு வேறு என்ன வேண்டும்? பெனர்தாக்கி என்ற கிரேக்க வம்சாவளி வணிகரின் கைக்கு வந்த பிறகு சோர்மோவோ வேகமாக வளர்ந்தது. 1870 இல் ரஷ்யாவின் முதலாவது திறந்த உலை, அதாவது வார்ப்பிரும்பில் இருந்து தரமான உருக்கைப் பெருமளவில் பெறும் உலை, அலெக்சாந்தர் இஸ்னோஸ்கொவ் என்ற பொறியியலாளரால் இங்குதான் அமைக்கப்பட்டது. 1898 இல் இருந்து புகையிரத இயந்திரங்களும் இங்கு தயாராகின.

1896 ஆம் ஆண்டில் இந்த நகரத்தில் அனைத்து ரஷ்யக் கைத்தொழில் கண்காட்சி நடைபெற்றது. பொறியியலாளர் விளாதிமிர் ஷுகொவ் இரும்புக் கம்பிகளைக் கூடைபோலப் பின்னி எழுப்பிய கோபுரமும், ரஷ்யாவிலேயே தயாரிக்கப்பட்ட முதலாவது மோட்டார் காரும் அங்கே வைக்கப்பட்டிருந்தன. கண்காட்சிக்கு வந்த சார் மன்னர் இரண்டாம் நிக்கலஸ் அந்தக் காரில் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை என்பார்கள். அந்தக் கண்காட்சியைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகைக்கும் ஒடெஸ்ஸாவில் வெளியான ஒரு பத்திரிகைக்கும் செய்திகளும் பத்திகளும் எழுதிக் கொடுத்தவர் அந்நகரத்திலேயே பிறந்த இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர். பிற்காலத்தில் எவருடைய பெயர் அந்த நகரத்துக்குச் சூட்டப்பட்டதோ அந்தக் கார்க்கிதான் அவர். உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் பத்தி எழுத்தாளராக, வரிக்கு இவ்வளவு என்று கூலிபெற்று வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது என்பதை அறியும்போது என்னைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு அற்ப சந்தோசம் ஏற்படுவதை மறைக்க வேண்டியதில்லை.

1902 மே தினத்தன்று சோர்மோவோத் தொழிலாளர்கள் ஊர்வலமாகப் புறப்பட்டனர். படையினர் குறுக்கே வந்தபோது ஏனையோர் சிதறினார்கள். 'எதேச்சாதிகாரம் ஒழிக' என்று எழுதிய செங்கொடியைப் பிடித்திருந்த சலோமோவ் மட்டும் கொடியுடன் நேராக அவர்களை நோக்கி நடந்தார். அவ்வருடம் அக்டோபரில் நடந்த விசாரணையில் அவர் தனது செய்கையை மறுக்கவில்லை. எதற்காகச் செய்தேன் என்று எடுத்துச்சொன்னார். அந்த உரை துண்டுப் பிரசுரமாக நாடெங்கும் பரவியது. கிழக்குச் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட அவருக்குக் கார்க்கி பணம் அனுப்பிவந்தார். 1905 இல் தப்பியோடுவதற்கும் உதவினார். மறுவருடம் அமெரிக்காவில் தங்கியிருந்தபோது கார்க்கி நாவலை எழுதினார். அது முதலில் வெளிவந்தது ரஷ்ய மொழியில் அல்ல, ஆங்கிலத்தில், ஒரு அமெரிக்கச் சஞ்சிகையில் என்பது பலர் அறியாத செய்தி.

1905 டிசம்பரில் சோர்மோவோவில் தொழிலாளர்கள் வீதித் தடைகளை அமைத்து ஆயுதமேந்தினார்கள். பீரங்கிகளைக் கொண்டுவந்து அதை அடக்கினார்கள். 1918 இல் தொழிற்சாலை தேசியமயமாக்கப்பட்டது. 1920 ஆகஸ்டில் சோவியத் ரஷ்யாவின் முதலாவது டாங்கி இங்கே தயாராகி வெளியே வந்தது. போரில் கைப்பற்றப்பட்ட பிரெஞ்சு ரெனோ டாங்கி ஒன்றைப் பார்த்துச் செய்த பிரதி அது. 'செஞ்சோர்மோவோ' என்ற இன்றைய பெயர் 1922 இல் வந்தது.

நகரத்தின் அடுத்த தொழிற்சாலையின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1929 மே 31 ஆம் திகதி சோவியத் அரசாங்கம் ஹென்றி போர்ட்டின் நிறுவனத்துடன் ஒரு உடன்படிக்கையைச் செய்துகொண்டது. 72,000 வாகனங்களையும் அவற்றுக்கான பாகங்களையும் சோவியத் யூனியன் வாங்கும். பதிலுக்கு, ஆண்டுக்கு ஒரு இலட்சம் வாகனங்களைத் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றை நிறுவும் தொழில்நுட்பத்தைப் போர்ட் கொடுக்கவேண்டும். தொழிற்சங்கம் என்ற சொல்லையே வெறுத்த ஒரு முதலாளியும் முதலாளி என்ற சொல்லையே வெறுத்த ஒரு அரசும் கைகுலுக்கிக் கொண்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இருவருக்குமே வேண்டியிருந்தது வேகம். கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஒஸ்ரின் என்ற நிறுவனம் கட்டடப் பணிகளுக்குப் பொறுப்பேற்றது. ஓகா நதிக்கரையின் சேற்று நிலத்தில், பெரும்பாலும் மண்வெட்டியையும் கைவண்டியையும் கொண்டு, 1932 ஜனவரி முதலாம் திகதி தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதே வருடம் நகரத்தின் பெயரும் கார்க்கி என்று மாற்றப்பட்டது. எழுத்தாளர் அப்போது உயிருடன் இருந்தார்.

அந்தத் தொழிற்சாலையில் வேலைசெய்ய வந்த அமெரிக்கர்களில் வால்ரர் ரூதர், விக்டர் ரூதர் என்ற சகோதரர்கள் இருவர் இருந்தனர். டெட்ரொய்ட்டில் அச்சுக்கருவி செய்யும் தொழிலாளர்கள். போர்ட் தனது பழைய 'ஏ' மாதிரிக் காரைக் கைவிட்ட பிறகு அதற்கான அச்சுக்களைச் சோவியத் யூனியனுக்கு விற்றுவிட்டது. அந்த அச்சுக்களை எப்படிக் கையாளுவது என்று முன்னொருபோதும் தொழிற்சாலையைக் கண்டிராத கிராமத்து இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுப்பதே சகோதரர்களின் வேலை. வெப்பமூட்டும் வசதியில்லாத அறையில், ரஷ்ய மாரிகாலத்தில், ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் வீணாகிவிடும் இரும்பை விறைத்த கைகளால் அளந்துகொண்டு 1933 இறுதியில் இருந்து ஒன்றரை வருடங்கள் அவர்கள் அங்கே உழைத்தார்கள். வால்ரர் ரூதர் பின்னர் அமெரிக்க மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். 1937 மே மாதம் டெட்ரொய்ட் அருகே ஒரு மேம்பாலத்தில் போர்ட் நிறுவனத்தின் அடியாட்கள் அவரை அடித்து இரத்தம் வடியவிட்ட காட்சியைப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் பதிவுசெய்தார்கள்.

அவர் தாயகம் திரும்பியது அவருடைய அதிர்ஷ்டம். 1937-38 களையெடுப்புக் காலத்தில் கார்க்கி நகரில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர் கைதாகினர். தொழிற்சாலையை ஆரம்பத்தில் இருந்து கட்டி வளர்த்த பணிப்பாளர் செர்கேய் தியாகோனொவ் 1938 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். தொழிற்சாலை அப்போது மொலொடோவின் பெயரைத் தாங்கி நின்றது. 1957 இல் மொலொடோவ் பதவி இழந்தபோது அந்தப் பெயரும் கழற்றப்பட்டது. ஒரு தொழிற்சாலையின் வாயிற்பலகையை வைத்தே அந்த நாட்டின் அரசியலை எழுதிவிடலாம் போலிருக்கிறது.

போர்க்காலத்தைப் பற்றி விரிவாக எழுதினால் இந்தப் பத்தி முடியாது. சோர்மோவோவில் 1941 யூலையில் டி-34 டாங்கி தயாரிக்கும்படி உத்தரவு வந்தது. டீசல் இயந்திரங்கள் போதவில்லை. பழைய விமானங்களுக்கான பெற்றோல் இயந்திரங்களைப் பொருத்தி அனுப்பினார்கள். அவை அவ்வருட இறுதியில் மொஸ்கோவின் பாதுகாப்புக்குப் போய்ச்சேர்ந்தன. போர் முடிவதற்குள் அங்கிருந்து வெளியேறிய டாங்கிகளின் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. நகரத்தின் பீரங்கித் தொழிற்சாலையில் வசிலி கிராபின் வடிவமைத்த பீரங்கிகள் பெருமளவில் வார்க்கப்பட்டன. மோட்டார்த் தொழிற்சாலையின் ஒன்றரைத் தொன் லொறிகள் உறைந்துபோன லடோகா ஏரியின் மீது, முற்றுகையில் சிக்கிய லெனின்கிராட்டுக்கு மாவு ஏற்றிச்சென்றன.

1943 யூன் மாதம், கூர்ஸ்க் சமருக்குச் சற்று முன்பாக, ஜேர்மன் விமானங்கள் இரவிரவாக வந்து மோட்டார்த் தொழிற்சாலையைத் தாக்கின. டி-34 டாங்கிகள் அங்கேதான் தயாராகின்றன என்று ஜேர்மனியர் நம்பியிருந்தனர். உண்மையில் அங்கே தயாரானவை லொறிகளும் இலகுரக டாங்கிகளும்தான். டி-34 தயாரான சோர்மோவோ வேறு திசையில் இருந்தது. உளவுத் தகவலில் ஏற்பட்ட ஒரு பிழைக்காக எத்தனையோ தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். சுமார் நூறு நாட்களில், அக்டோபர் இறுதியில், தொழிற்சாலையைத் திருப்பிக் கட்டிவிட்டதாக ஸ்ராலினுக்கு அறிக்கை அனுப்பினார்கள்.

இனி எனது கட்டுரைக்கு வருகிறேன்.

1970 ஏப்ரல் 22 ஆம் திகதி லெனினின் நூற்றாண்டு. கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகை ஒரு விசேட அனுபந்தத்தை வெளியிடத் தீர்மானித்தது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. உதவி ஆசிரியர் குழுவில் மிகவும் இளையவன். இடதுசாரி ஈடுபாடு உள்ளவன் என்று அறியப்பட்டவன். தென்னிலங்கையில் ஒருவலவில் சோவியத் உதவியுடன் அமைந்த உருக்குத் தொழிற்சாலையைச் சென்று பார்த்து வந்திருந்தேன். உருகிய இரும்பின் ஒளி முகத்தில் பட்ட அனுபவம் அப்போது புதியது. ஆகவே, 'தாய்' பிறந்த தொழிற்சாலை என்ற தலைப்பில் சோர்மோவோவைப் பற்றி எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எமக்கு வந்துசேர்ந்த செய்திக் கட்டுக்களில் படங்களும் புள்ளிவிபரங்களும் தாராளமாக இருந்தன. அவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது நீருக்கு மேலே எழும்பிப் பறப்பது போல ஓடும் 'ரக்கேத்தா' கப்பல். சோர்மோவோவைச் சேர்ந்த ரஸ்திஸ்லாவ் அலெக்சேயெவ் என்ற வடிவமைப்பாளரின் படைப்பு அது. கப்பலின் அடியில் விமானச் சிறகுபோன்ற தகடுகள் இருக்கும். வேகம் கூடும்போது அவை உடலை நீருக்கு வெளியே தூக்கிவிடும். நீரின் தடை இல்லாமற்போகும். 1957 ஆகஸ்டில் அது கார்க்கியில் இருந்து கசான் வரையிலான 420 கிலோமீற்றர் தூரத்தை ஏழு மணித்தியாலத்தில் ஓடி முடித்தது. இந்தக் கப்பலை மையமாக வைத்தே எனது கட்டுரையை எழுதினேன். செங்கொடி ஏந்திய சலோமோவின் தொழிற்சாலை இன்று மக்களின் பயணத்துக்கான அமைதிக் கப்பல்களைக் கட்டுகிறது என்றும், லெனினின் நூற்றாண்டுக்குக் காணிக்கையாக அங்குள்ள தொழிலாளர்கள் ஒவ்வொரு வேலையையும் குறித்த நாளுக்கு முன்பாகவே முடிக்கிறார்கள் என்றும் எழுதியதாக ஞாபகம். கட்டுரை நன்றாக இருந்ததாகப் பலரும் சொன்னார்கள். வெட்டி எடுத்து ஒரு கோவையில் ஒட்டி வைத்திருந்தேன். 1983 யூலையில் கொழும்பில் நான் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தபோது அந்தக் கோவையும் போய்விட்டது.

அந்தக் கட்டுரை வெளியாவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 1970 ஜனவரி 18 ஆம் திகதி, அதே சோர்மோவோவில் என்ன நடந்தது என்பதை நான் அறிந்துகொண்டது சோவியத் யூனியன் சிதறிப் பல வருடங்களுக்குப் பிறகுதான்.

பயணிகள் கப்பல்கள் சோர்மோவோவின் ஒரு முகம் மாத்திரமே. அங்கே 1930 களில் இருந்தே நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்டப்பட்டு வந்தன. 1960 களில் அணுசக்தி நீர்மூழ்கிகள் தொடங்கின. ஒரு மில்லியனுக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரம். கடலில் இருந்து பல நூறு கிலோமீற்றர் உள்ளே. அன்றைய தினம் கே-320 என்ற இலக்கமுடைய கப்பலின் அணு உலைச் சுற்றில் நீரழுத்தச் சோதனை நடந்துகொண்டிருந்தது. உலையைக் கட்டுப்படுத்தும் கோல்கள் முறையாகப் பூட்டப்படவில்லை. உலை கட்டுப்பாட்டை மீறித் தானாக இயங்கத் தொடங்கியது. சில விநாடிகள்தான். கதிர்வீச்சுக் கலந்த நீரும் நீராவியும் பீறிட்டு மண்டபத்தின் கூரையை நோக்கி எழுந்தன. அருகில் நின்றவர்களில் மூவர் கடுமையான கதிர்வீச்சு நோயினால் சில நாட்களில் இறந்தனர். மண்டபத்தில் நூற்றுக்கும் அதிகமானோர் இருந்தனர். துப்புரவுப் பணியில் ஆயிரம் பேருக்கு மேல் ஈடுபடுத்தப்பட்டனர். நீரும் துடைப்பமும் வாளியும்தான் அவர்களுடைய கருவிகள். நடந்ததைப் பற்றி இருபத்தைந்து வருடங்களுக்கு வாய் திறப்பதில்லை என்று அவர்களிடம் கையொப்பம் வாங்கப்பட்டது. இன்ன நோய் என்று வைத்தியரிடம்கூடச் சொல்லமுடியாத நிலையில் அவர்களில் பலர் வாழ்ந்து இறந்தார்கள்.

கப்பல் 1971 இல் கடற்படையிடம் கையளிக்கப்பட்டது. அவசரத்துக்கான காரணங்களில் ஒன்றாகப் பின்னாளில் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? லெனினின் நூற்றாண்டு.

நான் பொய் எழுதவில்லை. எனக்குத் தரப்பட்டதைத்தான் எழுதினேன். ஆனால், 'குறித்த நாளுக்கு முன்பாகவே' என்ற அந்தச் சொற்கள் எந்தக் கட்டிலும் இருந்தவை அல்ல, கட்டுரைக்கு மெருகூட்ட நான் சேர்த்தவை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இந்த விடயத்தில் எனக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார் என்பது ஆறுதலா இல்லையா என்று தெரியவில்லை. சோர்மோவோவில் கட்டப்பட்ட நீர்மூழ்கிகள் ஆறுகளூடாகவும் கால்வாய்களூடாகவும் வடக்கே கொண்டுசெல்லப்பட்டே கடலை அடைந்தன. அந்தப் பாதையில் உள்ளது வெண்கடல் - பால்டிக் கால்வாய். 1931 க்கும் 1933 க்கும் இடையில் கைதிகளின் உழைப்பினால் வெட்டப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1934 இல் அதைப் புகழ்ந்து 36 எழுத்தாளர்கள் இணைந்து ஒரு நூலை வெளியிட்டனர். குற்றவாளிகள் உழைப்பினால் புது மனிதர்களாகினர் என்பது நூலின் சாரம். அதைத் தொகுப்பதற்குத் தலைமை தாங்கியவர், சலோமோவ் சைபீரியாவில் கைதியாக இருந்தபோது மாதாமாதம் பணம் அனுப்பிய அதே கார்க்கி.

சோர்மோவோவில் கட்டிய கப்பல்களில் ஒன்று எங்கள் கடற்பிராந்தியத்துக்கும் வந்தது. கே-43 என்ற நீர்மூழ்கியைச் சோவியத் யூனியன் 1988 இல் இருந்து மூன்று வருடங்களுக்கு இந்தியாவுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. 'சக்ரா' என்று பெயர் மாற்றி விசாகப்பட்டினத்தில் நிறுத்தினார்கள். இந்தியக் கடற்படையின் முதலாவது அணுசக்தி நீர்மூழ்கி அது. இந்திய இராணுவம் எங்கள் மண்ணில் நின்ற காலம் என்பதால் அந்தச் செய்திக்கு நான் மூன்று பத்தித் தலைப்புக் கொடுத்தேன். கப்பல் எங்கே கட்டப்பட்டது என்று அப்போது தேடிப்பார்க்கத் தோன்றவில்லை.

அலெக்சேயெவும் பயணிகள் கப்பலோடு நின்றுவிடவில்லை. நீர்ப்பரப்புக்குச் சில மீற்றர் உயரத்தில் பறக்கும் பிரமாண்டமான இராணுவ ஊர்திகளை வடிவமைத்தார். அவற்றில் ஒன்றை அமெரிக்க உளவு விண்கலங்கள் கண்டு 'கஸ்பியன் பூதம்' என்று பெயரிட்டன. அதிகாரிகளுடன் ஒத்துப்போகாமல் பதவி இறக்கப்பட்ட நிலையில் 1980 பெப்ரவரியில் அவர் அதே நகரத்தில் இறந்தார்.

அதற்குச் சில வாரங்கள் முன்பாக, 1980 ஜனவரி 22 ஆம் திகதி, ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்ததற்காக விஞ்ஞானி அந்திரேய் சகாரோவைக் கார்க்கி நகருக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி டெலெக்ஸில் வந்தது. நான் இரவுக் கடமையில் இருந்தேன். எங்கள் பிரதம உதவி ஆசிரியர் எதையும் நகைச்சுவையாகவே பார்ப்பவர். "தம்பி, கார்க்கி செத்து நாப்பது வருசத்துக்கு மேலையெல்லோ? சகாரோவை அவரிட்டையோ அனுப்பினவங்கள்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். 'மூடப்பட்ட நகரம்' என்று நான் மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்து, கோட்டை வாசல் கதவு ஏதும் இருக்கிறதோ என்றும் விசாரித்தார். 1959 இல் இருந்து வெளிநாட்டவர்கள் அந்த நகரத்துக்குச் செல்லமுடியாது என்று விளக்கினேன். "ஏன்?" என்றார். இராணுவத் தொழிற்சாலைகள் இருக்கின்றன போலும் என்றேன். அத்துடன் அந்த உரையாடல் முடிந்தது. பத்து வருடங்களுக்கு முன்னர் அதே நகரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவன் நான் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. நானும் சொல்லவில்லை.

சகாரோவ் அங்கே ஏழு வருடங்கள் அடைபட்டிருந்தார். வீட்டில் தொலைபேசி கிடையாது. 1986 டிசம்பர் 15 ஆம் திகதி இரவு திடீரென்று ஆட்கள் வந்து தொலைபேசி இணைப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் பேசியவர் மிகையில் கொர்பச்சேவ். அந்த வீடு இப்போது நூதனசாலை.

1990 இல் நகரம் தனது பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. அடுத்த வருடம் ஆளுநராக வந்தவர் பொரிஸ் நெம்ற்சோவ் என்ற முப்பத்திரண்டு வயது இளைஞர். 2015 பெப்ரவரியில் கிரெம்ளினுக்கு அருகில் பாலத்தின் மீது சுட்டுக்கொல்லப்பட்டவர். தனியார்மயமாக்கலின் முன்மாதிரியாக நிஷ்னி நொவ்கொரொட்டை மேற்குலகம் கொண்டாடியது. தொழிற்சாலைகளில் மாதக்கணக்கில் சம்பளம் கொடுபடாத காலமும் அதுதான். 1997 இல் பிரதிப் பிரதமரான நெம்ற்சோவ், அரசாங்க அதிகாரிகள் வெளிநாட்டுக் கார்களைக் கைவிட்டுத் தனது நகரத்தின் 'வோல்கா' கார்களில் செல்லவேண்டும் என்று வற்புறுத்தினார். கோடை வெயிலில் வியர்த்துக் கொட்டிய அதிகாரிகள் அவரைச் சபித்தார்கள். அந்தத் திட்டம் நீடிக்கவில்லை. மோட்டார்த் தொழிற்சாலையை உண்மையில் காப்பாற்றியது 1994 இல் வெளிவந்த 'கஸேல்' என்ற சிறிய லொறி. புதிதாகக் கடை திறந்த ஒவ்வொரு ரஷ்யனுக்கும் அது தேவைப்பட்டது.

2000 ஆம் ஆண்டில் ஒலெக் தெரிபாஸ்கா தொழிற்சாலையை வாங்கினார். 2018 இல் அமெரிக்கா அவர் மீதும் தொழிற்சாலை மீதும் தடைவிதித்தது. அங்கே கார்களைப் பொருத்திக்கொண்டிருந்த ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனம் 2022 உக்ரேன் படையெடுப்பைத் தொடர்ந்து வேலையை நிறுத்தியது. 2024 மே மாதத்தில் நிஷ்னி நொவ்கொரொட்டில் 'வோல்கா' என்ற பழைய பெயருடன் மூன்று புதிய கார்கள் காட்டப்பட்டன. அவற்றின் மூலம் சீனாவின் சங்கான் நிறுவனத்தின் கார்கள். பிரதமர் மிகையில் மிஷுஸ்தின் ஒன்றில் ஏறி உட்கார்ந்து, இந்த ஸ்ரீரிங் எங்கே செய்யப்பட்டது என்று கேட்டார். சீனாவில் என்றார்கள். அது ரஷ்யாவில் செய்யப்படவேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

கடந்த வருடம் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு வேறு ஒரு தேவைக்காகப் போயிருந்தேன். 1970 ஆம் ஆண்டுக்கான எங்கள் பத்திரிகையின் கட்டையும் கேட்டு வாங்கினேன். தாள்கள் பழுப்பேறி, விளிம்புகள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. ஏப்ரல் 22. அனுபந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் நீரைக் கிழித்துக்கொண்டு வரும் ரக்கேத்தாவின் படம், அதன் கீழே எனது கட்டுரை. ஞாபகம் ஏமாற்றியிருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை இருந்தது. ஏமாற்றவில்லை. நான்காவது பந்தியின் கடைசி வரியில் அந்தச் சொற்கள் அப்படியே இருந்தன.

படப்பிரதி எடுத்துத்தருமாறு கேட்டேன். அங்கிருந்த பிள்ளை, "முழு அனுபந்தமுமா ஐயா, இந்த ஒரு பக்கம் மட்டுமா?" என்று கேட்டாள். இந்தப் பக்கம் மட்டும் போதும் என்றேன்.